குறைமாசக் கொழந்தைக்குக் கண்ணு செக்கப் (ஆர்ஓபி): எல்லாரும் கேக்கற கேள்விங்களும் பதிலுங்களும்

நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு ஆசுபத்திரில என்ஐசியு, அதாவது பச்சக்கொழந்தைங்க ஐசியு, நர்ஸுங்க. குறைமாசத்துல பொறந்த கொழந்தைங்களை டிஸ்சார்ஜ் பண்றப்ப கண்ணு செக்கப் பத்தி நாங்க சொல்றது பாதிப் பேரு காதுல ஏறவே ஏறாது, பில்லு கட்டறது, வண்டி புடிக்கறது, ஆரத்தி கரைச்சு வெச்சாச்சான்னு ஊட்டுக்கு போன் பண்றதுன்னு அன்னிக்கு அவங்களுக்கு ஆயிரம் சோலி. அப்புறம் பத்து நாள் கழிச்சு ராத்திரில வாட்ஸப்ல கேள்வி வரும். ஒரே கேள்வியவே வேற வேற ஊட்டுல இருந்து கேக்கறாங்க, அதனால ஒட்டுக்கா இங்க எழுதி வெச்சுடலாம்னு. உங்க கொழந்தைக்கு என்ன பண்ணோணும்னு முடிவு பண்றது உங்க கண் டாக்டருதான், இதைப் படிச்சுட்டு அவருகிட்ட நல்லாக் கேள்வி கேளுங்க.

ஆர்ஓபின்னா என்னங்க? எங்க பரம்பரைலயே யாருக்கும் கண்ணு கோளாறு கெடையாதே?

இது பரம்பரை நோய் கெடையாதுங்க. கண்ணுக்குப் பின்னாடி உள்பக்கமா ரெட்டினான்னு ஒரு மெல்லிசான படலம் இருக்குது, விழித்திரைன்னு சொல்லுவாங்க, நாம பாக்கறது எல்லாம் அதுலதான் பதியும். அதுக்கு ரத்தம் கொண்டு போற குழாய்ங்க வயித்துல 16வது வாரம் மாதிரி நடுவுல இருந்து வளர ஆரம்பிச்சு ஓரத்தைப் பாத்து மெதுவாப் போகும், மூக்குப் பக்கத்து ஓரத்தை 36 வாரத்துலயும் காதுப் பக்கத்து ஓரத்தை 40 வாரத்துலயும் போய்ச் சேரும். கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி தொறந்து விட்டா கடைமடைக்கு வந்து சேர நாளாகுமில்ல, அந்த மாதிரி. 30 வாரத்துலயே பொறந்த கொழந்தைக்குப் பாதி வழிதான் வந்திருக்கும்.

பொறந்த ஒடனே வெளிய ஆக்சிஜன் எச்சா கெடைக்கறதால அந்தக் குழாய் வளர்றது அப்படியே நின்னு போகும். அப்புறம் நாள் ஆக ஆக, ரத்தம் வராத அந்த ஓரத்துப் பகுதி பட்டினி கெடந்து, விஇஜிஎஃப்னு ஒரு சுரப்பை அளவுக்கு மீறி விடும். ஒடனே புதுக் குழாய்ங்க தாறுமாறா முளைக்கும். அதுங்க நல்ல குழாய் கெடையாது, ரத்தம் கசியும், தழும்பு கட்டும், தழும்பு சுருங்குனா ரெட்டினாவைப் புடிச்சு இழுத்துட்டு வந்துரும். ரெட்டினா பிரிஞ்சுட்டா பார்வை போச்சு. இது மொத்தத்துக்கும் பேருதான் ஆர்ஓபி, ரெட்டினோபதி ஆஃப் ப்ரிமெச்சூரிட்டிங்கறதோட சுருக்கம். நெறைய கொழந்தைங்களுக்கு லேசா வந்து தானாவே சரியாப் போயிரும்ங்க, கொஞ்சம் பேருக்குத்தான் முத்தும். ஆனா யாருக்கு முத்தும்னு உள்ள பாக்காம யாராலயும் சொல்ல முடியாது.

எங்க பாப்பா 1,750 கிராம் இருந்தா, 33 வாரம். அமெரிக்காவுல இருக்கற எங்க நங்கை "இங்கெல்லாம் இந்த எடைக்குப் பாக்க மாட்டாங்க"ன்னு சொல்றாங்க. பாக்கோணுமா?

பாக்கோணுமுங்க. உங்க நங்கை பொய் சொல்லல, அங்க கணக்கு 1,500 கிராம் இல்லாட்டி 30 வாரம், அதுக்கு மேல போகாம இருந்தாத்தான் பெரும்பாலும் பாப்பாங்க. நம்ம நாட்டுல 2,000 கிராமுக்குக் கீழ இல்லாட்டி 34 வாரத்துக்கு முன்னாடி பொறந்த எல்லாக் கொழந்தைக்கும் பாக்கோணும்னு வெச்சிருக்காங்க. ரெண்டுல ஒண்ணு இருந்தாலே போதும். 34ல இருந்து 36 வாரத்துக்குள்ள பொறந்து, ரொம்ப நாள் ஆக்சிஜன், கிருமித்தொத்து, ரத்தம் ஏத்துனது, வெண்டிலேட்டர், எடை ஏறாம இருந்ததுன்னு ஏதாவது இருந்தா அவங்களையும் பாக்கச் சொல்லுவாங்க.

காரணம் என்னன்னா நம்ம ஊருல கொஞ்சம் பெரிய கொழந்தைக்கும் இது வருது, முத்தியும் போகுது. அமெரிக்காக் கணக்கை நம்ம ஊருக் கொழந்தைக்குப் போட்டா லேசர் வேண்டிய கொழந்தைங்களே விட்டுப் போயிருவாங்க. சொந்தக்காரங்க நல்ல மனசோடதான் சொல்லுவாங்க, கேட்டுக்குங்க, ஆனா செக்கப்பை நிறுத்தாதீங்க.

எத்தனாவது நாள் பாக்கோணும்? டிஸ்சார்ஜ் ஆகி ஒரு மாசம் கழிச்சுங்களா?

இதுலதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. கணக்கு பொறந்த நாள்ல இருந்து. டிஸ்சார்ஜ்ல இருந்து கெடையாது. பொறந்து 30 நாளுக்குள்ள மொத செக்கப் முடிஞ்சிருக்கோணும். 28 வாரத்துக்கு முன்னாடி பொறந்திருந்தாலோ 1,200 கிராமுக்குக் கீழ இருந்தாலோ இன்னும் சீக்கிரம், ரெண்டுல இருந்து மூணு வாரத்துக்குள்ள, அது பெரும்பாலும் என்ஐசியுல இருக்கறப்பவே வந்துரும்.

ஜனவரி 3 பொறந்த கொழந்தைன்னா பிப்ரவரி 2க்குள்ள. ஐசியுல இருபத்தஞ்சு நாள் இருந்துட்டு ஊட்டுக்கு வந்திருந்தா மிச்சம் அஞ்சே நாள்தான். அந்த அஞ்சு நாள்தான் ஊடு நெறைய ஒறம்பரை வந்து போற நாளு, அம்மாவுக்குத் தையல் வலி, பால் பத்தாத வெசனம், தூக்கமில்லை.

இன்னொண்ணு, நம்ம பக்கம் மொதப் பேறுகாலம் பொறந்த ஊட்டுல. ஆசுபத்திரி சீட்டுல திருப்பூர் அட்ரஸும் ஊட்டுக்காரரு நம்பரும் இருக்கும், கொழந்தை இருக்கறது தாராபுரத்துக்குப் பக்கம் அப்புச்சி ஊட்டுல. நாங்க போன் அடிச்சா அவரு பனியன் கம்பெனி சத்தத்துல எடுக்க மாட்டாரு, இல்லாட்டி "சரிங்க சிஸ்டர்"னு சொல்லிட்டு அங்க சொல்ல மறந்துருவாரு. அதனால கொழந்தை எந்த ஊட்டுல இருக்கப் போகுதோ அந்த ஊட்டு நம்பரை, முடிஞ்சா அமுச்சியோட நம்பரை, கவுண்டர்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க. தேதியை அடுப்படிக் காலண்டர்ல பெருசா எழுதி வையுங்க, போன்ல போட்டு வெச்சா அந்த போன் வேலைக்குப் போயிருக்கும்.

"தீட்டுக் கழியாம பச்சக்கொழந்தையை வெளிய கொண்டு போகக் கூடாது"ன்னு பெரியவங்க சொல்லுவாங்க. ஐசியுல இருந்து ஊட்டுக்கு வந்ததே வெளிய வந்ததுதான்னு நான் அவங்ககிட்டச் சொல்றது வழக்கம், சிரிச்சுட்டே ஒத்துக்குவாங்க. கொழந்தைக்குச் சளி புடிச்சுரும்னு நெனச்சுச் சொல்றது அது, அந்த பயத்துல நியாயம் இருக்குது. தொப்பி போட்டு, அம்மா நெஞ்சோட தோலுக்குத் தோல் ஒட்டற மாதிரி வெச்சுத் துணி கட்டிட்டு, காத்தால மொத ஆளாப் போயிட்டு வந்துருங்க, கூட்டத்துல உக்கார வேண்டாம்.

கொழந்தை லைட்டைப் பாக்குதுங்க, மூஞ்சியப் பாத்துச் சிரிக்குது. அப்பக் கண்ணு நல்லாத்தானே இருக்கும்?

அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. ஆர்ஓபி ஆரம்பிக்கறது ஓரத்துல, நடுப்பார்வை அப்ப நல்லாவே இருக்கும். செவப்பு இருக்காது, பீளை தள்ளாது, அழாது. டார்ச் அடிச்சுப் பாத்தாலும் தெரியாது, பெரிய கொழந்தை டாக்டரே சும்மா பாத்தாலும் தெரியாது, மருந்து விட்டுக் கண்ணு பாப்பாவை (கருவிழி நடுவுல இருக்கற ஓட்டையை) விரிச்சு லென்ஸ் வெச்சு உள்ள பாத்தாத்தான் தெரியும். கண்ணு கருவிழில வெள்ளையாத் தெரியுதுன்னு ஊட்டுல கண்டுபுடிச்சுக் கூட்டிட்டு வர்றப்ப அது கடைசிக் கட்டம். அப்படி வர்ற கொழந்தைங்களைப் பாக்கறது மாதிரி கஷ்டம் எங்களுக்கு வேற கெடையாதுங்க, ஏன்னா மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா ஒரு மணி நேர லேசர்ல முடிஞ்சிருக்கும்.

ஆசுபத்திரில ஆக்சிஜன் எச்சா வெச்சதாலதான் இது வந்துச்சுன்னு சொல்றாங்க. நெசமா?

பாதி நெசம். இந்த நோயை 1942ல அமெரிக்காவுல பாஸ்டன்ல டெர்ரிங்கற கண் டாக்டருதான் மொதமொதல்ல எழுதுனாரு. அப்பத்தான் குறைமாசக் கொழந்தைங்களை இன்குபேட்டர்ல வெச்சு தாராளமா ஆக்சிஜன் விட ஆரம்பிச்ச காலம், பொழைச்ச கொழந்தைங்க நெறையப் பேருக்குக் கண்ணு போச்சு, ஏன்னே தெரியல. 1951ல மெல்போர்ன்ல கேட் கேம்ப்பெல்னு ஒரு அம்மா, அவங்க கொழந்தை டாக்டரு, ஆக்சிஜன்தான் காரணமா இருக்கோணும்னு எழுதுனாங்க, அப்புறம் பெரிய ஆய்வு பண்ணி அது உறுதியாச்சு. பாட்டுக்காரரு ஸ்டீவி வொண்டர் 1950ல ஆறு வாரம் முன்னாடி பொறந்தவரு, அவருக்குப் பார்வை போனதும் இதுலதான்.

சரின்னு ஆக்சிஜனை ஒரேயடியாக் கொறைச்சாங்க, கண்ணு போறது கொறைஞ்சுது, ஆனா மூச்சுக்குத் திணறிக் கொழந்தைங்க செத்துப் போனது கூடிப்போச்சு. 2010ல வந்த ஒரு பெரிய ஆய்வுலயும் இதையேதான் பாத்தாங்க, ரத்தத்துல ஆக்சிஜன் அளவை நூத்துக்கு 85ல இருந்து 89க்குள்ள வெச்ச கொழந்தைங்களுக்கு ஆர்ஓபி கம்மி, இறப்பு ஜாஸ்தி. அதனால இப்ப 90ல இருந்து 95க்குள்ள நிக்கற மாதிரி, கால்ல செவப்பு லைட்டு எரியற அந்த மானிட்டரைப் பாத்துப் பாத்துக் கூட்டிக் கொறைக்கறோம். கொழந்தைக்கு மானிட்டர் 100 காட்டுனா சந்தோசப்படறவங்க இருக்காங்க, ஆக்சிஜன் ஓடிட்டிருக்கறப்ப 100 காட்டறது எங்களுக்கு நல்ல சேதி கெடையாது.

ஆனா ஆக்சிஜன் மட்டுமே காரணமுங்கறது தப்பு. ஒண்ணும் பெருசா ஆக்சிஜன் வெக்காத கொழந்தைக்கும் வந்திருக்குது. எத்தனை சீக்கிரம் பொறந்துச்சுங்கறதுதான் பெரிய காரணம், அப்புறம் கிருமித்தொத்து, ரத்தம் ஏத்துனது, எடை சரியா ஏறாதது. உங்களால கையில செய்ய முடிஞ்சது அந்த எடைதான். தாய்ப்பால், கங்காரு மாதிரி நெஞ்சோட வெச்சுக்கறது, கைகழுவாம கொழந்தையத் தூக்க வர்ற ஒறம்பரையைத் தள்ளி நிக்கச் சொல்றது.

மஞ்சக்காமாலைக்கு நீல லைட்டுல வெச்சாங்களே, அதனாலயா?

இல்லீங்க. அப்பக் கண்ணைக் கட்டித்தான் வெப்போம். ஐசியு லைட்டு வெளிச்சத்தைக் கொறைச்சா ஆர்ஓபி கொறையுமான்னு ஆய்வே பண்ணிப் பாத்தாங்க, கொறையல.

செக்கப் எப்படிப் பண்ணுவாங்க? கொழந்தைக்கு வலிக்குமா? நான் கூட நிக்கலாமா?

மொதல்ல கண்ணுல சொட்டு மருந்து, பத்து பதினஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டு மூணு தடவை விடுவாங்க. கண்ணு பாப்பா நல்லா விரியறதுக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும், அதனால "பத்து மணிக்கு வரச்சொல்லிட்டுப் பதினொண்ணு வரைக்கும் உக்கார வெச்சுட்டாங்க"ன்னு கோவப்படாதீங்க, அந்த ஒரு மணி நேரம் மருந்து வேலை செய்யற நேரம். விட்ட மருந்து கன்னத்துல வழிஞ்சா ஒடனே தொடைச்சுருங்க, அது தோல் வழியா உள்ள போனா சின்னக் கொழந்தைக்கு நெஞ்சு துடிப்பு மாறும்.

அப்புறம் மரமரப்புச் சொட்டு ஒண்ணு. இமை மூடாம இருக்கச் சின்னக் கம்பி க்ளிப் வெப்பாங்க, டாக்டரு தலையில லைட்டுக் கட்டிட்டு கையில ஒரு லென்ஸைப் புடிச்சு உள்ள பாப்பாரு, ஓரத்தைப் பாக்கக் கண்ணை வெளிய இருந்து மெல்ல அழுத்துவாரு. சில இடத்துல கேமரா வெச்சு கம்ப்யூட்டர்ல போட்டோவா எடுப்பாங்க, அதை நீங்களே ஸ்க்ரீன்ல பாக்கலாம். ஒரு கண்ணுக்கு ரெண்டு மூணு நிமிசம்.

கொழந்தை அழும். நல்லாவே அழும். வலி இல்லவே இல்லைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், அந்த க்ளிப்பும் அழுத்தறதும் வெளிச்சமும் அதுக்குப் புடிக்காது, துணில சுத்திக் கையக் காலை அணைச்சு, வாயில துளி சர்க்கரைத் தண்ணியோ பீச்சுன தாய்ப்பாலோ வெச்சாக் கொஞ்சம் அடங்கும். சர்க்கரைத் தண்ணி நாங்க குடுக்கறது, நீங்களா ஊட்டுல இருந்து கரைச்சு எடுத்துட்டு வர வேண்டாம். ஒரு மணி நேரம் முன்னாடியே பால் குடுத்து முடிச்சிருங்க, வயிறு முட்டப் பால் குடுத்து அப்படியே படுக்க வெச்சா அழறப்ப கக்கி மூச்சுல ஏறிக்கும். கூட நிக்கறது உங்க மனசைப் பொறுத்தது. அந்தக் கண் க்ளிப்பைப் பாத்ததும் தலை சுத்தி விழுந்த அப்பாமாருங்க உண்டு, அம்மாமாருங்க பெரும்பாலும் தாங்கிக்குவாங்க.

முடிஞ்சதும் இமை வீங்கியிருக்கும், செவந்திருக்கும், சிலதுக்கு வெள்ளைமுழில ரத்தப் பொட்டு மாதிரி இருக்கும், அது தானாப் போயிரும். சில மணி நேரம் வெளிச்சத்துக்குக் கூசும், வெயில்ல முகத்து மேல துணி படாம நிழல் குடுத்துக் கொண்டு போங்க. பால் குடிக்காமச் சோந்து போய் கெடந்தாலோ மூச்சு விட்டு விட்டு வந்தாலோ ஒடனே கூப்புடுங்க, காத்திருக்க வேண்டாம்.

ஒருக்காப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. மறுபடி எதுக்கு ரெண்டு வாரத்துல வரச் சொல்றாங்க? காசு புடுங்கவா?

கோயமுத்தூருக்குப் போய் வர ஒரு நாள் ஷிப்ட்டு போச்சு, தறிக்காரங்களுக்கு ஒரு நாள் கூலின்னா சும்மாவா, இந்தக் கோவம் எனக்குப் புரியுது. ஆனா "இப்ப ஒண்ணுமில்ல"ங்கறதுக்கு அர்த்தம், குழாய் இன்னும் ஓரத்துக்குப் போய்ச் சேரல, இன்னிக்கு வரைக்கும் தப்பா வளரலங்கறது மட்டும்தான். போய்ச் சேர்ற வரைக்கும் எப்ப வேணா மாறலாம், ரெண்டே வாரத்துல ஒண்ணுமில்லாதது லேசருக்கு வந்து நின்னதை நான் பாத்திருக்கறேன். "ரெட்டினா முழுசா வளந்துருச்சு"ன்னு டாக்டரு சீட்டுல எழுதற வரைக்கும் போகோணும், பெரும்பாலும் கணக்குத் தேதிக்கு, அதாவது 40 வாரத்துக்குக் கொஞ்சம் முன்ன பின்ன, சிலதுக்கு 45 வாரம் வரைக்கும் இழுக்கும். நடுவுல நோம்பி வந்துச்சு, கெடா வெட்டு வந்துச்சு, மழை வந்துச்சுன்னு ஒரு தேதியத் தள்ளுனீங்கன்னா தள்ளுன அந்த வாரத்துலதான் வரும்னு நெனச்சுக்குங்க.

சீட்டுல "சோன் 2, ஸ்டேஜ் 2, நோ ப்ளஸ், ரிவ்யூ 1 வீக்"னு இருக்குது. என்னங்க இது?

சோன்னா குழாய் எது வரைக்கும் வந்திருக்குதுங்கறது. சோன் 1 நடுப்பக்கம், சோன் 3 ஓரம். நம்பர் கம்மியா இருந்தா மோசம், இதுல மட்டும் தலைகீழா யோசிக்கோணும். ஸ்டேஜுங்கறது எத்தனை முத்தியிருக்குதுங்கறது. 1ன்னா ஒரு கோடு, 2ன்னா அந்தக் கோடு மேடாயிருச்சு, 3ன்னா மேட்டு மேல புதுக்குழாய் முளைச்சாச்சு, 4ல ரெட்டினா கொஞ்சம் பிரிஞ்சிருக்கும், 5ல முழுசாப் பிரிஞ்சிருக்கும். ப்ளஸுன்னா நடுவுல இருக்கற குழாயே வீங்கி நெளிஞ்சு கெடக்குது, உள்ள வேகமா நடந்துட்டிருக்குதுன்னு அர்த்தம், சீட்டுல ப்ளஸுன்னு பாத்தா அன்னிக்கே அடுத்து என்னன்னு கேட்டுட்டுத்தான் அந்த ரூமை விட்டு வரோணும்.

உங்க சீட்டுல இருக்கறது லேசர் இப்ப வேண்டாம், ஆனா ஒரு வாரத்துல கண்டிப்பாப் பாக்கோணுமுங்கறது. "அக்ரஸிவ்"னு எழுதியிருந்தா அது இந்த ஸ்டேஜு ஸ்டேஜாப் போற கதையே கெடையாது, நாள் கணக்குல முத்திரும், ரொம்பச் சின்னக் கொழந்தைங்களுக்கும் ஆக்சிஜன் அளவு பாக்காம விட்ட கொழந்தைங்களுக்கும் வர்றது.

லேசர் நல்லதா, ஊசி நல்லதா? கண்ணுக்குள்ள ஊசின்னாலே ஈரக்கொலை நடுங்குதுங்க.

லேசருங்கறது குழாய் போகாத அந்த ஓரப் பகுதியச் சுட்டு விடறது. பட்டினி கெடந்து சுரப்பை விடற எடத்தையே நிறுத்திட்டா தப்பான குழாய் வத்திப் போயிரும். ஒரு கண்ணுல நூத்துக்கணக்குல, சிலதுக்கு ஆயிரக்கணக்குல புள்ளி வெப்பாங்க, ஒரு மணி நேரம் போல ஆகும், கொழந்தையோட மூச்சைப் பாத்துக்க மயக்க டாக்டரோ கொழந்தை டாக்டரோ கூடவே நிப்பாங்க. கத்தி வெக்கறது கெடையாது. ஓரப்பார்வை கொஞ்சம் கொறையும், பின்னால கிட்டப்பார்வைக் கண்ணாடி வர வாய்ப்பு ஜாஸ்தி. நடுப்பார்வையக் காப்பாத்த அதைக் குடுக்கறோம்னு வெச்சுக்குங்க.

ஊசிங்கறது அந்த சுரப்பை அடக்கற மருந்து, பெவாசிசுமாப், ரானிபிசுமாப்னு ரெண்டு பேரு அடிக்கடி காதுல விழும். நோய் நடுப்பக்கமே இருந்தா, இல்லாட்டி அந்த அக்ரஸிவ் ரகமா இருந்தா, இது நல்லா வேலை செய்யும், சீக்கிரம் அடங்கும், லேசரைத் தாங்க முடியாத அளவுக்குக் கொழந்தை மோசமா இருந்தாலும் இதைத்தான் யோசிப்பாங்க. கண்ணுக்குள்ள போடறதுன்னாலும் சில நொடி வேலை.

ஆனா எனக்கு ஊசின்னா ஒரு பயம் உண்டு, போடறதுல இல்லீங்க, போட்டுட்டு வராம இருக்கறதுல. ஊசி அடக்கி வெக்குது, சில வாரம் சில மாசம் கழிச்சு அது மறுபடி தலை தூக்கும், அதுக்குள்ள ஊட்டுல எல்லாரும் சரியாப் போச்சுன்னு மறந்திருப்பாங்க. லேசர் பண்ணாக் கொஞ்ச வாரத்துல அடங்கிருச்சான்னு தெரிஞ்சுரும், ஊசின்னா மாசக்கணக்குல விடாம வரோணும். அந்தியூர் மலைப்பக்கத்துல இருந்து வர்றோம், அடிக்கடி வர முடியாதுன்னா அதை வெக்கப்படாம டாக்டருகிட்ட மொதல்லயே சொல்லுங்க, எதைப் பண்றதுன்னு முடிவு பண்ண அதுவும் அவருக்கு வேணும்.

லேசர் நாளைக்கே பண்ணோணும்கறாங்க. ஊட்டுல பேசி, ஜோசியரைப் பாத்து, ஞாயித்துக்கெழமை அப்பாரு வந்ததும் முடிவு பண்ணலாமா?

வேண்டாமுங்க. சிகிச்சைக்கு வந்துட்ட கண்ணுக்கு 48ல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள பண்ணோணுமுங்கறது கணக்கு, அக்ரஸிவ்னா அதையும் விட சீக்கிரம். அமெரிக்காவுல 2003ல வந்த ஆய்வுல, முன்கூட்டியே சிகிச்சை பண்ண கண்ணுல ஒம்பது மாசத்துல ரெட்டினா மோசமாப் போனது நூத்துக்கு 9.1, பழைய கணக்குப்படி இன்னும் முத்தட்டும்னு பாத்துட்டுப் பண்ணதுல 15.6. வேற டாக்டருகிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்னா தாராளமாக் கேளுங்க, ஆனா அன்னிக்குப் பொழுதோட கேட்டு முடிங்க. அப்பாருக்கு போன்லயே டாக்டரைப் பேச வையுங்க, நாங்க அப்படித்தான் பண்றோம், பெரியவரு டாக்டரு வாயால கேட்டுட்டா அவரே வண்டிக்குச் சொல்லி விட்டுருவாரு.

கண்ணுல தாய்ப்பால் விட்டா, வெளக்கெண்ணெய் விட்டா நல்லதுன்னு எங்க ஆத்தா சொல்றாங்க.

பாலு வாய்க்கு நல்லது, எத்தனை குடுத்தாலும் நல்லது. கண்ணுல ரெண்டும் வேண்டாம். நோய் இருக்கறது கண்ணுக்குப் பின்னாடி உள்ள, மேல விடறது அங்க போகவே போகாது, குறைமாசக் கொழந்தைக்குக் கிருமி புடிக்கறதுதான் மிச்சம்.

ரெட்டைப் புள்ளைங்க. பெருசை மட்டும் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்களா, சின்னதையா?

ரெண்டையும். டெஸ்ட் ட்யூப் வைத்தியத்துல ரெட்டை பொறக்கறது நம்ம பக்கம் இப்ப சாதாரணமாயிருச்சு, ரெட்டைன்னாலே பாதிக்கு மேல முன்கூட்டியே பொறந்துருது. ஒண்ணுக்கு சரியா இருக்குதுன்னு இன்னொண்ணை விடக் கூடாது, எடை எச்சா இருக்கறதுக்கே முத்திப் போனதும் உண்டு. ஒண்ணு ஐசியுல இன்னொண்ணு ஊட்டுல இருந்தா ஊட்டுல இருக்கறதுதான் தேதி தப்பும், அதைப் பாத்துக்குங்க.

எங்க போகோணும்? எத்தனை செலவாகும்?

மொதல்ல பொறந்த ஆசுபத்திரிலயே கேளுங்க, நெறைய என்ஐசியுக்கு வாரத்துல ஒரு நாள் கண் டாக்டரு வந்து போறாரு. கோயமுத்தூருல அவிநாசி ரோட்டு அரவிந்த், சத்தி ரோட்டு சங்கரா, ரெண்டுலயும் ரெட்டினா டாக்டருங்க இருக்காங்க. அரவிந்த்ல இருந்து கேமராவைத் தூக்கிட்டு வெளியூர் என்ஐசியுக்களுக்கே போயி போட்டோ எடுத்து, பெரிய டாக்டருங்க அதைக் கோயமுத்தூருல இருந்தே பாக்கற ஏற்பாடும் உண்டு, உங்க ஆசுபத்திரி அதுல இருக்குதான்னு கேளுங்க. கர்நாடகாவுல 2008ல இருந்தே இந்த மாதிரி கிராமத்துப் பக்கம் வண்டில போய்ப் பாக்கறாங்க.

அரசு பக்கம்னா ஆர்பிஎஸ்கேன்னு 2013ல ஆரம்பிச்ச சிறார் நலத் திட்டத்துல ஆர்ஓபியும் சேத்தி. மாவட்டத் தலைமை ஆசுபத்திரி இல்லாட்டி மெடிக்கல் காலேஜ்ல டிஇஐசின்னு, கொழந்தைங்க கொறைபாட்டைச் சீக்கிரமே கவனிக்கற ஒரு பிரிவு இருக்கும், கொழந்தையோட டிஸ்சார்ஜ் சீட்டோட அங்க போய்க் கேட்டா வழி பண்ணி அனுப்புவாங்க. செலவு எடத்துக்கு எடம் மாறும், காப்பீட்டு அட்டை இருந்தாக் கையோட எடுத்துட்டுப் போய் கவுண்டர்லயே செல்லுமான்னு கேட்டுக்குங்க. ஐசியுவுக்குக் கட்டுன முட்டுவழியோட பாத்தா கண்ணு செக்கப் செலவு ரொம்பக் கம்மிதான், ஆனா அதுக்குள்ள கையில ஒண்ணுமில்லாமப் போயிருக்கும்னு எனக்கும் தெரியும்ங்க, அதனாலதான் மொதல்ல அரசு வழியக் கேளுங்கன்னு சொல்றது.

எங்களுக்கு இதைப் பத்தி யாருமே சொல்லலைங்க. இப்பத்தான் படிக்கறேன். கொழந்தைக்கு 45 நாள் ஆச்சு.

படிக்கறதை நிறுத்திட்டு நாளைக்குக் காத்தால கெளம்புங்க. 30 நாள் தாண்டிருச்சுன்னு இனிப் பிரயோசனம் இல்லைன்னு விட்டறாதீங்க, இப்பவும் பாக்கற டைம்தான்.

சொல்லாம விடறது சின்னத் தப்பு கெடையாது. சென்னைல ஒரு அரசு ஆசுபத்திரில 1996ல 29வது வாரத்துல 1,250 கிராம்ல ஒரு பொண்ணு பொறந்துச்சு, கண்ணு பாக்கோணும்னு பெத்தவங்களுக்கு யாரும் சொல்லல, ரெண்டு கண்ணும் போச்சு. அந்த அப்பா கேசு போட்டு வருசக்கணக்கா அலைஞ்சு, 2015 ஜூலைல சுப்ரீம் கோர்ட்டு எல்லாம் சேத்து 1.8 கோடி ரூபாய்க்கு மேல குடுக்கச் சொல்லுச்சு. அதுக்கப்புறம் டிஸ்சார்ஜ் சீட்டுல ஆர்ஓபி தேதி எழுதறதுல நெறைய ஆசுபத்திரி கவனமாச்சு. எழுதாம இருந்தா நீங்களே கேட்டு எழுதி வாங்குங்க, எழுதுனவங்க வாயாலயும் ஒருக்காச் சொல்லச் சொல்லுங்க.

ஸ்டேஜ் 5ன்னு சொல்லிட்டாங்க. ஆபரேசன் பண்ணாப் பார்வை வருமா?

4ல இருக்கறப்பவே ஆபரேசன் பண்ணா ஓரளவுக்கு நல்லாவே காப்பாத்தறாங்க. 5ல பண்ணாலும் பெரும்பாலும் வெளிச்சம் இருட்டு தெரியற அளவுக்குத்தான், அதுவும் எல்லாருக்கும் வர்றதில்ல. கேரளாவுக்குப் போங்க, வைத்தியரு வேர் குடுக்கறாருன்னு சொல்றவங்க வருவாங்க, இருக்கற காட்டை வித்துட்டு அலையாதீங்க. ரெட்டினா டாக்டருங்க ரெண்டு பேருகிட்டக் கேட்டுட்டு, அதே டிஇஐசில பார்வை இல்லாத கொழந்தைக்கான பயிற்சியை ஆறு மாசம் ஆகறதுக்குள்ள ஆரம்பிச்சுருங்க. தொட்டு, கேட்டு, தவழ்ந்து கத்துக்கற வயசு அது. பார்வை வருமா வருமான்னு காத்திருந்தா அந்த வயசும் போயிரும்.

ஆர்ஓபி சரியாப் போச்சுன்னு சீட்டு குடுத்துட்டாங்க. இனிக் கண் டாக்டரு வேண்டாமில்ல?

வருசத்துக்கு ஒருக்கா வேணுமுங்க, பள்ளிக்கொடம் சேக்கற வரைக்கும் கண்டிப்பா. லேசர் பண்ணாலும் பண்ணாட்டியும் குறைமாசக் கொழந்தைக்குக் கிட்டப்பார்வை, மாறுகண்ணு, ஒரு கண்ணு சோம்பேறியாப் போறது எல்லாம் மத்தக் கொழந்தைங்களை விட எச்சா வரும். ஒரு வயசுலயே கண்ணாடி போடச் சொன்னா "பொட்டப்புள்ள, கண்ணாடியோட எப்படி"ன்னு மறைக்காதீங்க, இப்பப் போடாட்டி அந்தக் கண்ணு பாக்கக் கத்துக்காமயே போயிரும், பத்து வயசுல போட்டுப் பெருசாப் பிரயோசனம் கெடையாது.

மூஞ்சியப் பாக்குதா, சிரிக்குதான்னு கணக்குப் பாக்கறப்ப பொறந்த தேதில இருந்து பாக்காம டாக்டரு குடுத்த கணக்குத் தேதில இருந்து பாருங்க. ரெண்டு மாசம் முன்னாடி பொறந்த கொழந்தை நாலு மாசத்துல ரெண்டு மாசக் கொழந்தை மாதிரித்தான் இருக்கும். செக்கப்புக்கு மட்டும் பொறந்த தேதி.

அடுத்த கொழந்தைக்கும் வருமா?

அது முழு மாசத்துக்குப் பொறந்தா வராதுங்க. மொதக் கொழந்தை முன்கூட்டியே பொறந்திருந்தா அடுத்ததும் அப்படிப் பொறக்க வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி, அதனால நாள் தள்ளிப் போனதுமே லேடி டாக்டருகிட்ட மொதப் பிரசவக் கதை மொத்தத்தையும் சொல்லிருங்க, பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துட்டுப் போங்க.